ஒரம்பரைக்குப் போட்ட நாற்காலி

பங்குனி இருபதாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு, தெற்கேயிருந்து வரும் வண்டிப்பாதையில், வெள்ளை ஈக்களால் ஆன ஒரு மனிதர் எங்கள் தொட்டிக்கல்பாளையத்துக்கு நடந்து வந்தார், அவரை முதலில் பார்த்த தெய்வானையக்கா, களத்தில் காயப்போட்டிருந்த மிளகாயிலிருந்து கையை எடுக்காமலே, "யாருங்க அது, வெள்ளையும் சொள்ளையுமா, பொண்ணுப் பாக்க வாரவராட்ட?" என்று கேட்டாள்.

சாதாரண ஆள் உயரம். தூரத்திலிருந்து பார்த்தால் சலவை வேட்டி கட்டியவர் மாதிரிதான் இருந்தார், கிட்டத்தில் வரவர அந்த வேட்டி மூச்சு விட்டது, காற்று அடித்தால் இடது தோள் சிறிது தூரம் பறந்துபோய்விட்டு யோசித்துத் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது, நடந்தால் காலடி பதியவில்லை, பக்கத்தில் நின்றால் தக்காளித் தழையைக் கசக்கிய வாசம் வந்தது. எங்கள் பக்கத்தில் சொந்தபந்தம் விருந்துக்கு வந்தால் ஒரம்பரை என்போம். வெயிலில் நடந்து வந்தவரைப் பேர், ஊர் கேட்பதற்கு முன்னால் உட்காரவைக்க வேண்டும் என்பது வழக்கம், அதனால் சென்னியப்ப மாமா தன் பூச்சிமருந்துக் கடையிலிருந்து நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து துண்டால் தட்டிப் போட்டார், அத்தை வெள்ளி டம்ளரில் மோர் கொண்டுவந்தாள், ஒரம்பரை உட்கார்ந்தார், விரல்கள் டம்ளரின் விளிம்பில் வரிசையாகப் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பின, மோர் அப்படியே இருந்தது. அன்றும் அதற்குப் பின் ஒவ்வொரு வருஷமும் அவர் வாய் திறந்து கேட்டது ஒரே கேள்விதான். காய்ந்த சோளத்தட்டில் கை வைத்த மாதிரி ஒரு சத்தத்தில் கேட்டார்.

"நட்டு எத்தனை நாளாச்சு?"

"எட்டு நாளாச்சுங்க மாப்ள. ஊரே ஒரே நாள்ல நட்டோம்," என்றார் மாமா, பெருமையாக.

ஒரம்பரை எழுந்தார், கும்பிட்டார், எதிரே இருந்த தக்காளிக் காட்டுக்குள் இறங்கினார், பத்தடி நடப்பதற்குள் முழங்காலிலிருந்து கலைய ஆரம்பித்து, கடைசியாகத் தலையும் கலைந்து, நாற்று நாற்றாக, இலை இலையாக, அடிப்பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டார். நாங்கள் நாற்காலியை எடுத்து உள்ளே வைத்தோம். பதினைந்தாம் நாள் ஊரில் இருந்த அத்தனை செடிக்கும் சுருட்டை விழுந்தது. கொழுந்து கிண்ணம் மாதிரி மடங்கி, ஓரம் மஞ்சளாகி, செடி முழங்கால் உயரத்திலேயே குந்திக்கொண்டது. பூ வந்தது, காய் வரவில்லை.

அவர் அதற்கு முந்தைய வருஷங்களிலும் வந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். காற்றோடு வந்த தூசி என்று நினைத்துக் கண்ணைத் துடைத்திருப்போம். அப்போதெல்லாம் மாரியம்மன் நோம்பி, எங்கள் ஊர்த் திருவிழா, தை மாதத்தில் நடந்தது. நோம்பிக்குக் கோயில் முன்னால் மூன்று கிளை உள்ள பாலைமரக் கம்பத்தை நடுவோம், பதினைந்து நாள் அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி ஆடுவோம், கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்ட பிறகுதான் ஊரில் யாரும் மண்ணில் நாற்று வைக்கலாம் என்பது கட்டுப்பாடு. தை கடைசியில் கம்பம் எடுப்போம், மாசி பிறந்ததும் நடுவோம், பங்குனி இருபதுக்குச் செடிக்கு ஐம்பது நாள் ஆகியிருக்கும். தண்டு முறுக்கேறி, இலை தடித்து, முதல் கொத்துக் காய் வெளுக்கத் தொடங்கியிருக்கும். அந்தச் செடியில் அவர் உட்கார்ந்து பார்த்திருப்பார், கடித்தும் பார்த்திருப்பார், பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது, அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

நோம்பியைப் பங்குனிக்கு மாற்றியது நாங்கள். காரணம் கேட்டால் இன்றைக்கும் என் காது சூடாகிறது. தை மாதத்தில் ஊருக்கு ஊர் நோம்பி என்பதால் நல்ல ஆர்கெஸ்ட்ரா எதுவும் தேதி கொடுக்கவில்லை. அவ்வளவுதான். பக்கத்து ஊரில் பன்னிரண்டு பேர் மேடை ஏறிப் பாடினார்கள், எங்கள் மேடையில் நாலு பேர், அதில் ஒருவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கோயில் கமிட்டித் தலைவர் சென்னியப்ப மாமாதான். "இந்த அசிங்கத்த இனி என்னால தாங்க முடியாதப்பா" என்றார், எல்லோரும் ஆமாம் என்றோம், மாரியாத்தாளைக் கேட்காமலே அவளை இரண்டு மாதம் தள்ளி வைத்தோம். பங்குனி பத்தில் கம்பம் எடுத்தோம், பன்னிரண்டில் ஊர் முழுக்க நாற்று நட்டோம், இருபதாம் தேதி ஒரம்பரை வந்தபோது எட்டே நாள் ஆன பச்சைப் பிள்ளைகளை வரிசையாகப் பந்தியில் வைத்திருந்தோம்.

இதில் யாருக்கு லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாமாவின் கடையில் அந்த வருஷம் மருந்துப் பெட்டிகள் வாசல்வரை வந்து நின்றன. மாமா கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று சொன்னால் அது அவருக்கு அதிகப்படியான மரியாதை. அவருக்கு ஆர்கெஸ்ட்ராதான் வேண்டியிருந்தது, மருந்து தானாக விற்றது, தானாக நடக்கும் எதையும் நிறுத்த அவருக்குக் காரணம் இல்லை.

அந்த மருந்தை அடித்தவன் ரங்கன்.

ரங்கன் காலனிக்காரன். ஊரில் யார் காட்டில் மருந்தடிக்க வேண்டுமானாலும் அவன்தான் வருவான், ஏனென்றால் நாங்கள் யாரும் அடிக்க மாட்டோம். பதினாறு லிட்டர் தெளிப்பானை முதுகில் மாட்டி மாட்டி இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. தெளிப்பானுக்கு அவன் வைத்த பேர் ரெண்டாந்தாரம். "முதுக விட்டு எறங்க மாட்டீங்கறாளே, என்னத்தப் பண்ணட்டும்" என்பான். அவன் பொண்டாட்டி வீராயி, எங்கள் காட்டின் கடைசியில் முப்பது சென்ட்டைக் குத்தகைக்கு எடுத்துத் தக்காளி போடுபவள், "உன்ற ரெண்டாந்தாரத்துக்கு மூக்கு ஒழுகுதே, அதப் பாத்தியா மொதல்ல" என்பாள். உண்மைதான், மூடியில் இருந்த ரப்பர் வாசர் தேய்ந்துபோய், குனியும்போதெல்லாம் மருந்து வழிந்து அவன் முதுகை நனைத்தது. அந்தத் தெளிப்பான் என் வீட்டுடையது. டவுனுக்குப் போகும்போது வாசர் வாங்கி வருகிறேன் என்று இரண்டு வருஷம் சொன்னேன். கட்டைவிரல் நகத்தளவு ரப்பர்.

ரங்கன் வேலை முடித்து வந்தால் மாமாவின் கடைக்குப் பக்கத்தில், சாக்கடை மேல் போட்ட பலகைக்கல்லில் உட்காருவான். காகித டம்ளரில் டீ வரும். நீல நாற்காலி உள்ளே இருக்கும்.

இரண்டாம் வருஷமும் தேதி பங்குனிதான். இந்த முறை எங்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால் வரவேற்பு ஏற்பாடு செய்தோம். எச்சரிக்கையாக இருப்பது என்றால் எங்கள் ஊருக்கு அதுதான் அர்த்தம். அழைப்பிதழில் "ஒரம்பரை அவர்கள் முன்னிலையில்" என்று அச்சடித்தோம். ஊர் எல்லையில் வைத்த பேனரில் மாமாவின் படமும் கடையின் பேரும் பெரிதாக, நடுவில் ஒரம்பரைக்கு முகம் தெளிவாக விழவில்லை என்பதால் வெறும் வெள்ளை வட்டம். பஸ் கண்டக்டரிடம் அவருக்கு டிக்கெட் கிழிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்தோம், அவர் பஸ்ஸில் வந்ததே இல்லை என்றாலும். அவர் எந்தக் குலம், எந்தக் கோயில், பெண் கொடுக்கலாமா என்றுகூடக் களத்தில் பேச்சு ஓடியது. "வருசத்துக்கு ஒருநாத்தான் வாரவரு, புள்ளைக்கும் நிம்மதி" என்றாள் தெய்வானையக்கா.

ஆனால் பயிரைக் காப்பாற்றவும் ஒரு யோசனை இருந்தது. ஒரம்பரை கேட்பது நாள் கணக்குத்தானே, பொய் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தோம். சும்மா சொன்னால் நம்ப மாட்டார் என்பதால் சந்தையிலிருந்து பழுத்த தக்காளி கூடை கூடையாக வாங்கி வந்து, ஊரே குந்தி உட்கார்ந்து, எட்டு நாள் நாற்றுகளில் ஒவ்வொன்றிலும் ஒரு பழத்தை நூலால் கட்டினோம். பாரம் தாங்காமல் நாற்று சாய்ந்தது, குச்சி ஊன்றினோம். தூரத்திலிருந்து பார்த்தால், கடவுள் சாட்சியாக, ரொம்ப நன்றாக இருந்தது.

மூன்று மணிக்கு ஒரம்பரை வந்தார், உட்கார்ந்தார், கேட்டார்.

"நட்டு எத்தனை நாளாச்சு?"

"அம்பது நாளாச்சுங்க மாப்ள," என்றார் மாமா. "பாருங்க, பழமே வந்துருச்சு. இனி இதுல உங்களுக்கு என்னங்க ருசி இருக்கப்போகுது? அக்கட்ட ஊர்ல எளசா இருக்குதாமா."

ஒரம்பரை எழுந்துபோய் ஒரு செடியின் முன்னால் குந்தினார். கட்டியிருந்த பழத்தை ஒரு விரலால் ஆட்டினார். நூலைத் தடவினார். பிறகு அவர் உடம்பு முழுக்க ஒருமுறை குலுங்கி, ஆளே இல்லாமல் சிதறி, மறுபடி சேர்ந்தது; அது அவர் சிரித்த விதம் என்று நாங்கள் பிறகு பேசிக்கொண்டோம். காட்டுக்குள் இறங்கிக் கலைந்தார். நூலில் தொங்கிய சந்தைத் தக்காளிகளை நாங்கள் சாயங்காலமே அவிழ்த்து ரசத்துக்கு எடுத்துக்கொண்டோம்.

அந்த வருஷம் ரங்கன் பதினைந்து தடவை மருந்தடித்தான். வைகாசி முடிவதற்குள் அவன் கை டம்ளர் பிடிக்க முடியாமல் நடுங்கியது, கண் எப்போதும் நீர் வடித்தது. ஒருநாள் வீராயி காலி மருந்து பாட்டில் ஒன்றை முந்தானையில் சுற்றிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தாள். நான் வெளியூரில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன், இரண்டு பாஷை படித்தவன், அதனால் என்னிடம் வந்தாள். நிலம் வைத்திருப்பவர்களைக் காலனியில் பண்ணாடி என்பார்கள்.

"பண்ணாடி, இதுல இங்கிலீசுல பொடிப்பொடியா என்னமோ எழுதியிருக்குது. படிச்சுச் சொல்றீங்களா? இவரு ராத்திரில மூச்சுக்கு இழுக்கறாரு."

படித்தேன். கையுறை, முகமூடி, கண் கண்ணாடி இல்லாமல் தொடக்கூடாது என்று இருந்தது. தோலில் பட்டால் துணியைக் கழற்றி உடனே கழுவ வேண்டும், தொடர்ந்து பட்டால் நரம்பைத் தாக்கும் என்று இருந்தது. மண்டை ஓடு படம் ஒன்றும் இருந்தது, அதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. என் காட்டில் இன்னும் மூன்று மருந்து பாக்கி இருந்தது.

"ஒண்ணுமில்ல வீராயி. அடிச்சு முடிச்சுக் கையக் கழுவிக்கணும்னு போட்டிருக்குது," என்றேன்.

"அத்தனை எழுத்துக்கு இத்தனூண்டுதானுங்களா?" என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே பாட்டிலை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள்.

அவளுக்கு எழுத்து தெரியாது, நாள் தெரியும். மூன்றாம் வருஷம் தை மாதம் நோம்பிக்குத் தேதி குறிக்கும் கூட்டம் கோயில் முன்னால் நடந்தபோது, காலனிக்காரர்கள் நிற்கும் வேப்பமரத்தடியில் நின்று, கூப்பிடாமலே பேசினாள்.

"ஏனுங்க பண்ணாடி, ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரம்பரை நாள் மாறி வர்றதில்லீங்க. அவரு வாரப்ப செடி முத்திருந்தா நமக்கு ஒண்ணும் ஆகாதுங்க. நோம்பிய மின்ன மாதிரி தையிலயே வச்சுருங்க. மாசி பொறந்ததும் நட்டுப்போடலாம். மருந்து ரெண்டு தடவைக்கு மேல வேண்டாம். இன்னொரு வருசம் பதினஞ்சு மருந்து அடிச்சா எங்கூட்டு ஆளு தங்க மாட்டாருங்க. அவ்வளவுதானுங்க."

"தையில வச்சா ஆர்கெஸ்ட்ராவுக்கு யாரு புள்ள தேதி தருவா? நீ பாடறயா?" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனா என்று நினைவில்லை என்று எழுதினால் அது பொய். சிரித்தேன்.

"பாடறனுங்க," என்றாள் வீராயி. "பிலாக்கணம் நல்லாப் பாடுவனுங்க."

சிரிப்பு நின்றது. தேதி பங்குனி என்று எழுதப்பட்டது.

மாசி மூன்றாம் தேதி, பட்டப்பகலில், வீராயி தன் முப்பது சென்ட்டில் நாற்று நட்டாள். ஒளிந்து செய்யவில்லை, விடிந்ததும் தொடங்கி மத்தியானம் வரை, ஒவ்வொரு நாற்றாக, வழியில் போகிற வருகிற எல்லோரும் பார்க்க. ஊர் கொதித்தது. கம்பம் நடாமல் மண்ணில் நாற்று வைத்தவள், கட்டுப்பாட்டை மீறியவள், ஈரத்துணியோடு கோயிலைச் சுற்றி உருண்டு தண்டனை கட்ட வேண்டும் என்றார்கள். பிறகு அவள் கோயில் சுற்றுக்குள் வரக்கூடாதே என்று யாருக்கோ ஞாபகம் வந்தது. வெளிச் சாலையில் உருளட்டும் என்றார்கள். மாமாவும் நானும் நாலைந்து பேரும் போய் வரப்பில் நின்றோம்.

"ஆத்தாளுக்குக் கோவம் வராதா புள்ள?" என்றார் மாமா.

வீராயி நிமிரவில்லை. "உள்ளயே விடாத ஆத்தாளுக்கு என்ற நாத்து எப்பிடிங்க தெரியும்?" என்றாள். "தெரிஞ்சுதுன்னா எங்கிட்டயே வந்து கேக்கட்டுமுங்க. கேக்கறதுக்கு எனக்கும் நாலு இருக்குது."

பிடுங்கி எறியச் சொன்னார்கள் சிலர். என் நிலம், என் வாயைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை அவளுக்குச் செய்த உதவியாக அப்போது நினைத்துக்கொண்டேன்.

பங்குனி இருபதில் அவளுடைய செடிகளுக்கு நாற்பத்தேழு நாள். எங்களுடையதற்கு எட்டு. ஒரம்பரை மூன்று மணிக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டு, பொய்யை வாங்கிக்கொண்டு எழுந்தவர், அந்த வருஷம் முதலில் என் காட்டின் கடைசிக்குப் போனார். வீராயி இடுப்பில் கை வைத்து நின்றாள். அவர் கேட்பதற்கு முன்னால் அவளே, "நாப்பத்தேழு. எண்ணிப் பாத்துக்குங்க" என்றாள். அவர் ஒரு தண்டைப் பிடித்துப் பார்த்தார், ஒரு இலையைப் புரட்டினார், உள்ளங்கை அதில் ஒருகணம் ஒட்டியிருந்து சலித்துப்போய் எழும்பியது, வரப்பைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தார். மிச்சம் எல்லோருக்கும் தெரியும். சித்திரையில் வீராயி கூடை கூடையாகப் பழம் பறித்தாள், வரப்புக்கு இந்தப் பக்கம் எங்கள் காடு சுருண்டு கிடந்தது.

அதைப் பார்த்து நாங்கள் கற்றுக்கொண்டோமா? ஏவி விட்டாள் என்றோம். ஒரம்பரையோடு பேசி வைத்துக்கொண்டாள், தன் காட்டுப் பூச்சியை நம் காட்டுக்கு அனுப்பினாள் என்றோம். வெள்ளை ஈக்களால் ஆன மனிதரை நாற்காலி போட்டு உட்கார வைத்த ஊருக்கு, ஒரு காலனிப் பெண் சொன்ன நாள் சரியாக இருந்தது என்பதை மட்டும் நம்ப முடியவில்லை.

ரங்கன் அந்த வருஷம் மருந்தடிக்க வரமாட்டேன் என்றான். வீராயி அவனைக் கட்டிலோடு பிடித்து வைத்திருந்தாள். மாமா என்னிடம் வந்தார். "உன்ற நிலந்தான மாப்ள? அவன் வரலீன்னா அடுத்த வருசம் அந்த முப்பது சென்ட்ட வேற ஆளுக்கு விட்டுடறதாச் சொல்லு. ஓடியாருவான்." நான் போய்ச் சொன்னேன். வாசலில் நின்று, குரலை மெதுவாக வைத்துக்கொண்டு, எனக்கு இதில் விருப்பமில்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன். ரங்கன் கட்டிலிலிருந்து எழுந்தான். "ரெண்டாந்தாரம் கூப்புடறா, போயிட்டு வந்தர்றேன்" என்று வீராயியிடம் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

பதினோராவது மருந்து என் காட்டில். உச்சி வெயில். இரண்டு பாத்திக்கு நடுவில் முழங்காலிட்டு உட்கார்ந்தவன் அப்படியே முன்னால் சாய்ந்தான், முதுகில் தெளிப்பான் மூடி வழியாகக் கொட்டிக்கொண்டே இருந்தது. மாமாவின் வேனில் ஏற்றினோம். சீட்டில் வாடை பிடித்துவிடும் என்று பின்னால், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் படுக்க வைத்தோம். பாதி வழியில் இறந்தான். வெயில் தாங்கவில்லை என்று ஊரில் சொன்னோம். வெயிலைப் பார்த்து யார் கேட்கப் போகிறார்கள்?

நாலாம் வருஷமும் நோம்பி பங்குனியில்தான் நடந்தது. அப்போதும் மாற்றவில்லை. ஆர்கெஸ்ட்ராவில் பதினான்கு பேர் வந்தார்கள், தொண்டை ஒருவருக்கும் கட்டவில்லை.

இருபதாம் தேதி மூன்று மணிக்குத் தெய்வானையக்கா களத்திலிருந்து எட்டிப் பார்த்தாள், மிளகாயிலிருந்து கையை எடுத்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். வண்டிப்பாதையில் ஒரம்பரை வந்துகொண்டிருந்தார். மடித்துக் கட்டிய லுங்கி. இடது தோள் இரண்டு விரற்கடை இறக்கம். முகம் இல்லாமலே மூன்று வருஷம் வந்தவருக்கு இந்த முறை முகம் இருந்தது, நீர் வடியும் கண்கூட இருந்தது, கன்னத்தில் அது வழியும் இடத்தில் ஈக்கள் சிறகை மாற்றி மாற்றி மடக்கின.

"ரங்கனுங்க," என்றாள் அக்கா. "நம்ம ரங்கனேதானுங்க."

சென்னியப்ப மாமா வழக்கம்போல நாற்காலியோடு வெளியே வந்திருந்தார். தட்டுவதற்குத் துண்டை எடுத்தவர், முகத்தைப் பார்த்தார். நாற்காலியைத் தரையில் வைக்க இறங்கிய கை பாதியில் நின்றது. எங்கள் ஊர் முதன்முறையாக ஆச்சரியப்பட்டது அன்றைக்குத்தான். ஈக்கள் மனிதனாக நடந்து வந்தபோது ஆச்சரியப்படாதவர்கள், காலனிக்காரன் ஒருவன் நாற்காலியை நோக்கி நடந்து வருவதைப் பார்த்து வாயடைத்து நின்றோம். மாமாவின் கண், தன்னை அறியாமல், சாக்கடைமேல் இருந்த பலகைக்கல்லுக்குப் போய் வந்தது. அத்தை வெள்ளி டம்ளரைப் புடவைக்குள் மறைத்தாள். நான் பார்த்தேன்.

அவர் எங்கள் முன்னால் நின்றார்.

"நட்டு எத்தனை நாளாச்சு?"

ஐம்பது என்று சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு காட்டையும் ஒவ்வொரு பாத்தியாக நடந்தவனிடம் என்ன பொய் சொல்வது? மாமா நாற்காலியை இறக்காமலே, "எட்டு," என்றார்.

அந்த வருஷம் தை பிறந்ததுமே நட்டிருந்த வீராயி, தன் காட்டிலிருந்து தலையில் தக்காளிக் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். கூடையை இறக்கி வைத்தாள். அழவில்லை. மாமாவின் கையிலிருந்து நாற்காலியை வாங்கினாள், அது அவர் விரல்களிலிருந்து சிரமமில்லாமல் வந்தது. கோயில் வாசலுக்கு நேராக, நிழல் விழும் இடத்தில் போட்டு, முந்தானையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"உக்காருய்யா," என்றாள். "சித்த நேரம் உக்காரு."

அவர் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு பழத்தை எடுத்துத் துடைத்து மடியில் வைத்தாள். பொழுது சாயும்வரை இருவரும் இருந்தார்கள், ஊர் முழுக்க வெயிலில் நின்றது, போகவும் தோன்றவில்லை, உட்காரவும் எங்களுக்கு இடம் இருப்பதாகத் தெரியவில்லை. பிறகு அவர் எழுந்து எங்கள் காடுகளுக்குள் நடந்தார். யார் காட்டையும் விடவில்லை.

மறுநாள் மாமா புது மருந்து கொண்டுவந்தார். காலனிக்கு ஆள் அனுப்பினோம், யாரும் வரவில்லை. வீராயி முந்தின ராத்திரியே வீடு வீடாகப் போயிருந்தாள். பக்கத்து ஊர்க் காலனிக்கு அனுப்பினோம், அங்கேயும் போயிருந்தாள். எங்கள் தெளிப்பான்களை நாங்களே தூக்க வேண்டி வந்தது. பதினாறு லிட்டர் எவ்வளவு கனம் என்று ஐம்பது வயதில் தெரிந்துகொண்டேன். நான் மாட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கும்போது வரப்புக்கு அந்தப் பக்கம் பழம் பறித்துக்கொண்டிருந்த வீராயி, தலையைத் தூக்காமல், "மூடிய இறுக்கித் திருகிக்குங்க பண்ணாடி, ஒழுகும்" என்றாள்.

இறுக்கித்தான் திருகினேன். ஒழுகியது. முதல் பாத்தி முடிவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டியது, இரண்டாவதில் எரிந்தது, மூன்றாவதில் உதடு மரத்தது. அன்று சாயங்காலம் மாமா கடை வாசலில் வாந்தி எடுத்தார். ஊரில் ஏழெட்டு பேருக்குக் கை நடுங்கியது. எட்டாம் நாள் கோயில் முன்னால் கூட்டம் போட்டோம். மாமா எழுந்து, "ஆர்கெஸ்ட்ரா கெடக்குது விடுங்கப்பா" என்றார். வரும் வருஷம் கம்பம் நடுவது தை பதினாலு, எடுப்பது தை இருபத்தெட்டு, நாற்று மாசி ஒன்று என்று எழுதினோம். எதிர்த்து ஒரு குரல் இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

நான்தான் போய் வீராயியிடம் சொன்னேன். காய்ப்பு ஓய்ந்த செடிகளைப் பிடுங்கி வரப்பில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு வேர் மண்ணைத் தட்டினாள்.

"தைக்கே மாத்தீட்டீங்களா?"

"மாத்தியாச்சு வீராயி."

"ரொம்ப நேரம் பேசுனீங்களா?"

"இல்ல. பத்து நிமிஷம் இருக்கும்."

அவள் கையிலிருந்த செடியைக் கீழே போட்டாள். என்னைப் பார்க்கவில்லை, என் காட்டைப் பார்த்தாள், அவன் முழங்காலிட்ட இரண்டு பாத்திக்கு நடுவில் பார்த்தாள்.

"பத்து நிமிசந்தானுங்களா?" என்றாள்.